கமிஷன் தராத டாக்டரம்மா

வீராசாமி யாரையும் சுலபத்தில் நம்ப மாட்டார். அது பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்த குணம். காஞ்சிபுரத்தில் தலை நரைக்கும் வரைக்கும் ஆட்டோ ஓட்டின யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் இருப்பார்கள். சாமி கும்பிட்டுவிட்டு நெற்றியில் குங்குமத்தோடு வெளியே வருகிற வெளியூர்க் குடும்பத்தைப் பார்த்து, "பட்டு பார்க்கணுமாம்மா? சொந்தத் தறி வெச்சிருக்கிற கடை, ஏமாத்த மாட்டாங்க" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதுதான் பிழைப்பு. குடும்பம் புடவையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் கடைக்காரர் பின்பக்கமாகக் கூப்பிட்டு அவருக்கு உண்டானதைக் கொடுப்பார். எந்தக் கடை அதிகம் கொடுக்கிறதோ, வீராசாமியின் வாயில் அதுதான் நல்ல கடை. ஒன்றும் கொடுக்காத கடைகளும் ஊரில் உண்டு. "அங்கயாம்மா? ஜரிகை ஆறு மாசத்துல கறுத்துப்பூடும்" என்று சொல்லிவிடுவார். கறுக்காது என்று அவருக்கே தெரியும். உண்மையில் கமிஷன் தராத கடையில்தான் சரக்கு நன்றாக இருக்கும். சரக்கு பேசுகிற இடத்தில் ஆட்டோக்காரன் எதற்குப் பேசவேண்டும்?

இப்படியே காலம் தள்ளின மனுஷனுக்கு, யார் எதை நல்லது என்று சொன்னாலும் ஒரே கேள்விதான் தோன்றும். இவனுக்கு இதில் என்ன வருகிறது? டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னால் ரத்தம் எடுக்கிறவன் டாக்டருக்கு என்ன கொடுப்பான் என்று யோசிப்பார். பக்கத்து வீட்டில் ஒரு பல்பு நன்றாக எரிகிறது என்று சொன்னால் எந்தக் கடைப் பல்பு என்று முதலில் கேட்பார். பொண்டாட்டி பொன்னியம்மாள் தெருமுனைத் தையல்காரியைப் புகழ்ந்தால்கூடப் பொன்னியம்மாளைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்ப்பார். ஊருக்கு வெளியே முசரவாக்கத்தில் அவர் வீட்டில் பேச்சு அதிகம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அவருக்கு ஒரே பெண். பெயர் ஜோதிகா. பி.காம். முடித்துவிட்டு ஊருக்குள்ளே காயத்ரி நடத்துகிற பட்டுக்கடையில் வேலை பார்க்கிறாள். காயத்ரி பரம்பரைத் தறிக்காரர் வீட்டுப் பெண். ஆட்டோக்காரர்களுக்குக் கமிஷன் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, சாயங்காலம் செல்போனில் புடவையைக் காட்டி உலகம் பூராவும் விற்கிறவள். வீராசாமிக்கு அந்தக் கடையைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் பெண்ணுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறது. அதனால் அந்தக் கடை ஜரிகை கறுக்கும் என்று மட்டும் அவர் சொல்வதில்லை.

ஜோதிகாவுக்குப் பிளஸ் டூ படிக்கிற காலத்தில் முகம் பூராவும் பரு வந்தது. பொன்னியம்மாள் மஞ்சள் பூசினாள், சந்தனம் பூசினாள். மெடிக்கல் கடைக்காரன் எடுத்துக் கொடுத்த டியூபையும் பூசினாள். அதைப் பூசின ஒரு மாதம் முகம் ரோஜாப்பூ மாதிரி இருந்தது. நிறுத்தின மறுவாரம் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. பரு வடிந்தபோது இரண்டு கன்னத்திலும் குழி விட்டுவிட்டுப் போனது, புழுதி மண்ணில் கோடை மழை நாலு சொட்டுப் போட்டு நின்ற மாதிரி. பிறகு கொரோனா வந்தது, எல்லாரும் மாஸ்க் போட்டார்கள். கொரோனா போயிற்று. ஜோதிகாவின் மாஸ்க் போகவில்லை. வண்டியில் மாஸ்க், கடையில் மாஸ்க், கலியாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்தான் கழற்றுவாள். அதற்கும் சுவரைப் பார்த்த இடமாகத் தேடி உட்காருவாள்.

கடையில் சாயங்கால நேரலையில் இன்னொரு பெண் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நிற்பாள். போனுக்குப் பின்னால் நின்று பேசுகிறது ஜோதிகா. ஜோதிகாவின் கை மட்டும் உள்ளே வந்து முந்தானையை விரித்துக் காட்டும். "இந்தக் கரையப் பாருங்கக்கா, ரெண்டு பக்கமும் உடம்போட கோத்து நெய்த கோர்வை" என்று அவள் சொன்னால் துபாயில் இருக்கிறவளும் வாங்கிவிடுவாள். ஆனி மாதம் அந்த முன்னால் நிற்கிற பெண்ணுக்குக் கலியாணம் நிச்சயமாகி ஓசூர் போவதாக ஆயிற்று. காயத்ரி ஜோதிகாவைக் கூப்பிட்டு, ஆடி முதல் நீயே முன்னால் வா, சம்பளமும் வேறு என்றாள். இஷ்டமில்லை என்றால் மாதக் கடைசிக்குள் சொல், வேறு பெண் பார்க்கவேண்டும் என்றும் சொன்னாள்.

மாஸ்க் போட்டுக்கொண்டு நேரலையில் நிற்க முடியாது. போனிலேயே முகத்தைப் பளபளப்பாக்கிக் காட்டுகிற வித்தையும் அங்கே நடக்காது. முன்னொரு தடவை அதைப் போட்டதில் அரக்குப் புடவை ரோஸாகத் தெரிந்து, வாங்கினவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அன்று முதல் அந்தக் கடையில் அது கூடாது. பட்டின் நிறம் உள்ளபடி தெரியவேண்டும் என்று நாலு பக்கமும் வெள்ளை விளக்கு. அந்த விளக்கில் புடவையில் ஒரு இழை பிசகினாலும் தெரியும். கன்னத்துக் குழி தெரியாதா?

அந்த வேலை ஜோதிகாவுக்கு வேண்டும். ரொம்ப வேண்டும். வீட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்காத பெண், அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"எத்தினி நாளைக்கு நைனா அந்தப் போன்ல நான் வெறும் கையா மட்டும் தெரியறது?"

அவளே இடமும் பார்த்து வைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருக்கிற, முகப்பெல்லாம் கண்ணாடி வைத்த கிளினிக். லேசர் வைத்தியம். ஒரே தடவைதான், ஆடிக்குள் முகம் பளிங்கு மாதிரி ஆகிவிடும் என்று போனில் சொல்லிவிட்டார்களாம். பொன்னியம்மாள் உடனே சரி என்றாள். வீராசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே, அந்த இடத்தை யார் சொன்னது என்று கேட்டார். கூடப் படித்தவள் என்றாள் ஜோதிகா.

"அவளுக்கு இன்னா தர்றான்?"

ஜோதிகா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பொன்னியம்மாள் புருஷனைத் திட்டினது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. பெற்ற பெண்ணின் முகத்துக்குக்கூடத் தரகு பார்க்கிற மனுஷன் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான்யா என்றாள்.

வீராசாமி படுத்துக்கொண்டு யோசித்தார். அவருக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. லேசர் என்றால் என்ன, அதில் தோல் வேகுமா வேகாதா என்று அவருக்குத் தெரியாது. போனில் வருகிற படங்களை ஜோதிகா காட்டினாள். ஒரு பக்கம் குழி விழுந்த முகம், இன்னொரு பக்கம் வழவழ முகம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எவன் கண்டான்? டாக்டரைச் சோதிக்க அவருக்கு ஒரு வழியும் தெரியாது. கடையைச் சோதிக்க ஒரு வழி தெரியும்.

மறுநாள் காலையில் முதல் சவாரியை இறக்கிவிட்டு நேராகக் கண்ணாடி கிளினிக்குக்குப் போனார். உள்ளே குளிர் ஆளைத் தூக்கிற்று. முன்னால் உட்கார்ந்திருந்த பெண், சட்டையில் திரிஷா என்று பெயர் குத்தியிருந்தது, தாத்தா என்ன வேண்டும் என்றாள். தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார் வீராசாமி. தான் கோயில் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறதாகவும், பெண் பிள்ளைகள் நிறைய வண்டியில் ஏறுகிறதாகவும், முகம் சரியில்லாததுகளை இங்கே கொண்டுவந்து விட்டால் தனக்கு என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். பட்டுக்கடை வாசலில் முதல் நாள் பேசினது மாதிரியே பேசினார்.

தாத்தா உடனே அண்ணா ஆகிவிட்டார். திரிஷா எழுந்துபோய் மேனேஜர் இளவரசனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் கைகொடுத்தான், காப்பி வரவழைத்தான், பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டான். அவன் சொன்ன கமிஷன், எந்தப் பட்டுக்கடைக்காரனும் கலியாண ஜவுளிக்குக்கூடக் கொடுக்காத கமிஷன். இவ்வளவு கொடுக்கிறவன் வைத்தியத்துக்கு என்ன மிச்சம் வைப்பான்?

அடுத்தது, கடைத்தெரு மாடியில் ஒரு அழகு நிலையம். முகத்துத் தோலை உரித்துப் புதுத் தோல் வர வைக்கிறதாக வெளியே எழுதியிருந்ததைப் பக்கத்தில் பூ விற்கிறவள் படித்துச் சொன்னாள். அங்கேயும் பேரம் படிந்தது. கமிஷனோடு பொன்னியம்மாளுக்கு ஒரு தடவை இலவசமாக முகம் கழுவிவிடுவதாகவும் சொன்னார்கள். வீராசாமி படியிறங்கி வந்துவிட்டார்.

மூன்றாவதாக, செவிலிமேட்டில் ஒரு வீட்டின் முன்னறையில் தோல் டாக்டர் ஒரு அம்மா இருக்கிறதாக யாரோ ஒரு சவாரி எப்போதோ சொன்ன ஞாபகம். தேடிக்கொண்டு போனார். கண்ணாடியும் இல்லை, குளிரும் இல்லை. மர பெஞ்சு, மின்விசிறி, ஒரு குழந்தை கையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. டாக்டர் கலைவாணிக்கு ஐம்பது வயசு இருக்கும். வீராசாமி தன் பாட்டைப் பாதிதான் பாடியிருப்பார், அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். வயசானவர் என்று பார்க்கிறேன், மரியாதையாக வெளியே போங்கள், இனி இந்தப் பக்கம் வந்தால் வண்டி நம்பரைப் போலீசில் கொடுப்பேன் என்றார். குழந்தை சொறிவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே வந்த வீராசாமிக்கு வாயெல்லாம் சிரிப்பு. கடை கிடைத்துவிட்டது.

ஆனால் வீட்டில் போய் எப்படிச் சொல்வது? செவிலிமேட்டு டாக்டரம்மாவிடம் போகலாம் என்றார். ஏன் என்று ஜோதிகா கேட்டாள். நல்ல டாக்டர் என்று சொன்னார். யார் சொன்னது என்றாள் அவள். அவர் கேட்கிற கேள்வியை அவரிடமே கேட்டுவிட்டாள். உண்மையைச் சொல்ல முடியாது. அவர் கமிஷன் வாங்குகிறது ஜோதிகாவுக்குச் சின்ன வயசிலிருந்தே பிடிக்காது. ஆட்டோவில் வந்தவர்களுக்கு ஒரு விலை, நடந்து வந்தவர்களுக்கு ஒரு விலை என்று முன்பு வேலை பார்த்த கடையில் அவளே சீட்டு ஒட்டியிருக்கிறாள். நீ வாங்கறது கடைக்காரன் காசு இல்லை நைனா, அந்தப் புடவை வாங்கிக்கினு போற ஆயா காசு என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். இப்போது போய், உன் வைத்தியத்துக்காக மூன்று இடத்தில் கமிஷன் பேசினேன் என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லாமலே தலைகீழாக நின்று பார்த்தார். லேசரில் தோல் வெந்துவிடும் என்றார். கண்ணாடி வைத்த இடமெல்லாம் ஏமாற்று என்றார். ஜோதிகா தன் சம்பளத்திலிருந்து முன்பணம் கட்டி நாளும் குறித்துவிட்டாள். "உனக்கு உலகத்துல யாரையுமே புடிக்காது. அதுக்காக நான் மாஸ்க் போட்டுக்கினே சாகணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த நாள் வந்தது. வீராசாமி கொண்டுபோய் விடாவிட்டால் பஸ்சில் போய்விடுவாள். வண்டியில் ஏதாவது கோளாறு என்று சொல்லலாம், ஆனால் அந்த வண்டியின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லக்கூடியவள் அவள். அதனால் கூட்டிக்கொண்டு போனார். தெருவிலேயே இறக்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். முடிந்ததும் முகம் எரியுமாம், கூட ஒரு ஆள் இருக்கவேண்டுமாம், உள்ளே வா என்றாள். வீராசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு, குளிருக்குப் பயந்தவர் மாதிரி முகத்தைப் பாதி மூடிக்கொண்டு பின்னாலேயே போனார். அப்பனும் மகளுமாக மூஞ்சியை மறைத்துக்கொண்டு இரண்டு பேர் நுழைந்ததைப் பார்த்துக் காவல்காரனே ஒரு நிமிஷம் மிரண்டான்.

துண்டு திரிஷாவை ஏமாற்றவில்லை.

"வாங்கண்ணா வாங்க" என்றாள் வாய் நிறைய. "சொன்னீங்க, செஞ்சுட்டீங்க. முதல் கேசே லேசர் கேசா கொண்டாந்துட்டீங்களே."

மேசைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கவரை எடுத்து, அதில் அவர் பெயரை எழுதி, ஜோதிகாவின் தலைக்கு மேலாக நீட்டினாள். இதுதான் தன் பெண் என்று வீராசாமி அன்று சொல்லியிருக்கவில்லை. வாங்கவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் அவர் கை பாதியில் நின்றது. நடுவில் ஜோதிகாவின் கை வந்து கவரை வாங்கிக்கொண்டது.

அவள் கவரைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள். பிறகு திரிஷாவிடம், ரொம்ப நிதானமாக, இது என் பில்லில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டாள். திரிஷாவுக்கு அந்தக் கேள்வியை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதெல்லாம் மேனேஜ்மெண்ட் பார்த்துக்கொள்ளும் மேடம் என்றாள். டாக்டர் எங்கே என்று ஜோதிகா கேட்டாள். டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார், மெஷினைப் போடுகிற ஆள் உள்ளே இருக்கிறார் என்று பதில் வந்தது. என் முகத்தை டாக்டர் பார்க்காமலே லேசர் என்று யார் முடிவு செய்தது என்று கேட்டாள். திரிஷா போனை எடுத்து இளவரசனைத் தேட ஆரம்பித்தாள்.

ஜோதிகா கவரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நான் கட்டின அட்வான்சுல இதைக் கழிச்சுக்குங்க. மீதியத் திருப்பி வாங்கிக்க நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வீராசாமி வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியில் பார்த்தார். மாஸ்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அது நல்ல பார்வை இல்லை.

"என் மூஞ்சிய வெச்சு பேரம் பேசினியா நைனா?"

"உன் மூஞ்சிய வெச்சு இல்லமா. ஊரான் மூஞ்சிய வெச்சு."

பிறகு மொத்தத்தையும் சொன்னார். அழகு நிலையத்தில் பொன்னியம்மாளுக்கு முகம் கழுவிவிடுவதாகச் சொன்னது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் வீட்டில் பேசியதே இல்லை. பாதிக் கதையில் ஜோதிகாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். அழுகையும் கொஞ்சம் கலந்துதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன்னைத் துரத்தின இடம் எது என்று கேட்டாள்.

"செவிலிமேடு."

"ஓட்டு."

டாக்டர் கலைவாணிக்கு ஞாபகம் நன்றாக இருந்தது. வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற வீராசாமியைப் பார்த்ததும் மேசையில் இருந்த போனை எடுத்தார். ஜோதிகா குறுக்கே புகுந்து, இவர் என் அப்பா என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் கதையைச் சொல்லி முடித்தாள். கேட்கக் கேட்க டாக்டரம்மாவின் முகம் கோணிக்கொண்டே போயிற்று, கடைசியில் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை.

"நான் கமிஷன் தரலைன்னா நல்ல டாக்டர்னு ஆயிடுமா? கமிஷன் தராத மோசமான டாக்டர் எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா உங்களுக்கு?"

வீராசாமிக்கு அது உறைத்தது. இந்தக் கோணத்தில் அவர் யோசித்துப் பார்த்ததே இல்லை. சட்டென்று அந்த அம்மா மேலேயும் சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள் என்று சொல்லி டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டார். துணித் திரைதானே, பேச்செல்லாம் கேட்டது.

முதலில் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கன்னத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கிறார் என்று ஜோதிகா கேட்ட கேள்விகளிலிருந்து புரிந்தது. எல்லாக் குழியும் ஒரே குழி இல்லை என்றார் டாக்டரம்மா. இழுத்தால் மறைகிறது ஒரு ஜாதி, அதற்கு ஊசி உருளை வைத்து மேல்தோலில் குத்திவிட்டால் உள்ளிருந்து புதுச் சதை பிடிக்கும். இழுத்தாலும் அடியில் கட்டிப் போட்ட மாதிரி நிற்கிறது இன்னொரு ஜாதி, அதை உள்ளே ஊசி விட்டு விடுவிக்கவேண்டும். முள் குத்தின மாதிரி ஆழமாக இருக்கிற நாலைந்தில் மருந்தை ஒரு துளி வைக்கவேண்டும்.

"ஊசியால குத்தினா ஓட்டை ஜாஸ்திதானம்மா ஆகும்?" என்று வீராசாமி திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"காது உள்ளேயே இருக்குதா? உங்க வீட்டு மாமரத்துல கொம்பு வெட்டினா துளிர்க்காதா பெரியவரே?"

மாமரம் இல்லை, முருங்கைதான் என்று சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டார். ஜோதிகா லேசரைப் பற்றிக் கேட்டாள். லேசர் கெட்ட வைத்தியம் இல்லை என்றார் அந்த அம்மா. ஆனால் நம் மாதிரி மாநிறத் தோலில் பதம் தெரியாமல் போட்டால் குழி போய்க் கறுப்புத் திட்டு வரும், அது போக இன்னொரு வருஷம் ஆகும். வேண்டுமென்றால் சென்னையில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்கிறேன் என்றவர், திரைப்பக்கம் திரும்பி, அதற்கு எனக்கு ஒன்றும் வராது என்று சத்தமாகச் சேர்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் கசப்பானது வந்தது. இப்போது ஊசி போட முடியாது. முகத்தில் இன்னும் புதுப் பரு இருக்கிறது, முதலில் அது அடங்கவேண்டும். அதற்குக் களிம்பும் மாத்திரையும். வெயிலுக்குப் பூசுகிறதை ஒரு நாள் விடக்கூடாது. அடங்கின பிறகு ஊசி, மாதம் ஒரு தடவை. எல்லாம் முடியப் பங்குனி தாண்டும்.

"முடிஞ்சா முழுசாப் போயிடுமா மேடம்?"

"போகாது. பாதி போகும். நல்லா ஒத்துழைச்சா பாதிக்கு மேல போகும். முழுசாப் போகும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடு."

ஆடி பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பங்குனி எங்கே, ஆடி எங்கே. வீராசாமிக்கு அந்த டாக்டரம்மா மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது, பாதிதான் போகும் என்று சொல்கிறவரிடம் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆனால் அதனால் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. பெண்ணின் வேலை போகிற மாதிரி ஒரு இடத்துக்கு அவர்தானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கண்ணாடிக்காரனிடமே விட்டிருந்தால் ஒருவேளை சரியாகித்தான் போயிருக்குமோ என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது.

ஜோதிகா வெளியே வந்தாள். கையில் மருந்துச் சீட்டு. ஊசிதான், இங்கேதான் என்று சொன்னாள். மாஸ்க் கையில் இருந்தது, அதைப் போட்டுக்கொள்ள மறந்திருந்தாள். வண்டியில் உட்கார்ந்ததும் காயத்ரிக்குப் போன் போட்டாள். இந்தப் பக்கத்துப் பேச்சுதான் வீராசாமிக்குக் கேட்டது.

"அக்கா, ஆடிக்கு நான் வரேன். மூஞ்சி இப்ப இருக்கிற மாதிரியேதான் இருக்கும். களிம்பு போடறதுல தோல் வேற உரியும்னாங்க... இல்லக்கா, மேக்கப் அப்பினா இன்னும் பரு வரும்... தெரியும். அதனாலதான் இப்பவே சொல்றேன்."

பிறகு ஜோதிகா சரிக்கா, சரிக்கா என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் நின்று பார் என்கிறாளாம். விற்றால் பார்க்கலாமாம். காயத்ரி வியாபாரி, அவள் அதற்கு மேல் எப்படிச் சொல்வாள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீராசாமி கோயில் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, போனைக் கைப்பிடியில் ரப்பர் போட்டுக் கட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். நேரலை ஆரம்பித்ததும் திருச்சிப் பக்கத்து அம்மா ஒருத்தரும் அவர் வீட்டுக்காரரும் வந்து ஏறி, பஸ் ஸ்டாண்டு போகவேண்டும் என்றார்கள். கொஞ்சம் இருங்கம்மா என்றார் வீராசாமி. அந்த அம்மாவும் முன்னால் சாய்ந்து பார்க்க ஆரம்பித்தாள்.

நாலு விளக்குக்கும் நடுவில் ஜோதிகா நின்றாள். தோளில் பாட்டில் பச்சையில் மாம்பழ மஞ்சள் கரை. குழி அத்தனையும் தெரிந்தது. மூக்கோரம் தோல் உரிந்திருந்தது. முதல் இரண்டு வாக்கியம் தடுமாறினாள், மூன்றாவதில் பழைய குரல் வந்துவிட்டது. கீழே எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. வீராசாமிக்கு அதைப் படிக்கிற வேகம் இல்லை. அவள்தான் ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். விலை கேட்டவர்களுக்கு விலை சொன்னாள். அமெரிக்காவுக்கு அனுப்புவீர்களா என்றதற்கு அனுப்புவோம் என்றாள்.

"அக்கா மூஞ்சிக்கு இன்னா ஆச்சு, சின்னம்மையா..." என்று அடுத்ததைப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நின்றாள். வீராசாமியின் கை தானாகப் போய் போனை மறைத்தது. திருச்சி அம்மா, கையை எடுங்களேன் என்றாள்.

எடுத்தார்.

"அம்மை இல்லமா, பரு வந்த தழும்பு. வைத்தியம் நடந்துக்கினு இருக்குது. பாதிதான் போகுமாம்" என்றாள் ஜோதிகா. "நீங்க கேட்ட மெஜந்தா அடுத்ததா வருது, லைன்லயே இருங்க."

அவ்வளவுதான். அடுத்த ஆள் பிளவுஸ் துணி சேர்ந்து வருமா என்று கேட்டாள். அதற்கடுத்தவள் கரையின் அகலம் கேட்டாள். முகத்தைப் பற்றி வேறு யாரும் கேட்கவில்லை. வீராசாமிக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு யாருங்க, உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்று கேட்டாள் திருச்சி அம்மா.

"நம்ம பொண்ணுதாம்மா."

"நல்லா எடுத்துக் காட்டுது. அந்த முந்தியக் கொஞ்சம் கிட்டக்க காட்டச் சொல்லுங்களேன்."

தனக்கு எழுத வராது, நீங்களே எழுதுங்கள் என்று சொல்லி வீராசாமி ரப்பரைக் கழற்றிப் போனை அவள் கையில் கொடுத்தார். அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். வீட்டுக்காரர், பஸ் போய்விடும் என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் ஜோதிகா அதைப் படித்துவிட்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து முன்னால் வந்தாள். ஜரிகையும் அவள் முகமும் ஒன்றாகப் போனை நிறைத்து நின்றன.

"அட, ஜரிகை என்னமாப் பளபளங்குது" என்றாள் அந்த அம்மா, வீட்டுக்காரர் பக்கம் போனைத் திருப்பிக் காட்டி.

வீராசாமி வண்டியைக் கிளப்பவில்லை.